கம்பவுண்டர் எதற்காக வந்தார்

என் கோபத்தின் தயாரிப்பிலேயே ஏதோ கோளாறு. நான் கோபப்பட்டால் எதிரில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட சாலையில், நடைபாதை மேல் பைக் ஓட்டி வந்து என் காலில் ஏற்றியவனை நிறுத்தி, எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தைகளாலும் திட்டினேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "சார், நாடகத்துல போலீஸ்காரரா வருவீங்களே, அது நீங்கதானே?" என்று கேட்டு, என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனான். அந்தப் படத்தில் நான் கோபமாகத்தான் இருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டிலும் இதே கதைதான். நான் கத்தி முடிக்கும்வரை மனைவி பொறுமையாக இருந்துவிட்டு, "ஆச்சா? தோசை ஆறுது" என்பாள்.

முகம் அப்படி. கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் உள்ளே போய், குரல் உயர்ந்தால் கீச்சென்று ஒரு பக்கமாகக் கிழிந்துவிடும். அதனால்தான் இதைப் பேசாமல் எழுதுகிறேன். எழுத்தில் முகம் தெரியாது. நான் கோபமாக இருக்கிறேன் என்பதைப் படிப்பவர்கள் என் வார்த்தையை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாந்தோமில் பெரிய கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் கோயில் என்றால் மாதா கோயில்தான். தி. நகரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. சாயங்காலங்களில் நாடகம். போலீஸ்காரர், சமையல்காரர், வாட்ச்மேன், வீட்டு புரோக்கர், குடிகாரன் என்று எல்லா வேஷமும் போட்டிருக்கிறேன். கிறிஸ்தவன் வேஷம் வந்தால் அதுவும் குடிகாரன்தான், கூடுதலாக ஒரு தொப்பி. சபா நாடகங்களில் இது எழுதாத சட்டம். கிறிஸ்தவன் மேடைக்கு வந்தால் கழுத்தில் சிலுவை ஆட வேண்டும், கையில் பாட்டில் ஆட வேண்டும், காலும் கொஞ்சம் ஆட வேண்டும். நானே ஆடிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்ததில்லை. குடிகாரர்கள் சாந்தோமிலும் உண்டு, மயிலாப்பூரிலும் உண்டு. மயிலாப்பூரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே, இவனுக்குக் கேலியே தாங்காது போலிருக்கிறது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம்.

எங்கள் குழுவின் டைரக்டர் என் நண்பன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் வீடு மயிலாப்பூர் மாடவீதிக்கு அடுத்த தெரு. அவன் வீட்டில் 'ஆத்துல', 'வந்துண்டு'. எங்கள் வீட்டில் 'வூட்டாண்ட', 'வந்துகினு'. இரண்டுக்கும் நடுவில் நாங்களாக ஒரு பாஷை செய்துகொண்டோம், அதில் பாதிக்கு மேல் திட்டு. குளத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் டியூஷன் சென்டர் இருக்கிறது. அதை நடத்தும் அம்மாளும் எங்கள் குழுவில் நடிப்பதால், பிள்ளைகள் போனதும் அங்கேதான் ஒத்திகை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஏழாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்போம். எங்களுக்குப் பின்னால் பலகையில் பாதி அழித்த கணக்கு இருக்கும்.

இந்த முறை அவன் எடுத்தது ஒரு பழைய நாவல். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் படித்தவர்களும் படிக்காதவர்களும் சண்டைக்கு வருவார்கள், படிக்காதவர்கள் முதலில் வருவார்கள். கதை ஒரு மயிலாப்பூர் வக்கீலைப் பற்றியது. அவருடைய கல்யாணம், கேஸ்கள், சொத்துத் தகராறு என்று தடிமனாகப் போகும். நடுவில் ஊரில் காலரா வருகிறது. வக்கீல் படுக்கையில் விழுகிறார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஏதோ அவசர வேலை வந்து வெளியூர் போகிறார்கள். அப்போது சாந்தோமிலிருந்து ஒரு கம்பவுண்டர் வருகிறார். கிறிஸ்தவர், வக்கீலுக்குப் பழைய சிநேகிதர். வந்து கஞ்சி கொடுக்கிறார், துணியை மாற்றுகிறார், அலசிப் போடுகிறார். பொழுது சாயும்போது செபமாலையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் அந்தச் சத்தம் யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று. முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து மறுபடி கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் கேட்க மாட்டார். ஒன்றும் போதிக்கவும் மாட்டார்.

வக்கீல் பிழைத்துக்கொள்கிறார். கம்பவுண்டருக்கு அதே நோய் வந்து செத்துப்போகிறார். அதை நாவலாசிரியர் எப்படிச் சொல்கிறார் என்றால், வக்கீல் புதிதாக ஒரு குதிரை வண்டி வாங்கியதைப் பற்றிய வாக்கியத்தில், போகிறபோக்கில், கால் பங்கு இடம் கொடுத்து. மிச்ச முக்கால் பங்கு குதிரைக்கு. அந்த நாவலாசிரியர் உயிரோடு இருந்தால் அவரிடமும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவரும் சிரித்திருப்பார்.

இந்த நாவலை நான் படித்ததே என் நண்பனின் அப்பாவால்தான். அவர் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நண்பன் அமெரிக்காவில் இருந்தான். சொந்தக்காரர்கள் பகலில் வந்துபோனார்கள். ஆபீஸ் விட்டதும் தி. நகரில் பஸ் ஏறி நான் போய்விடுவேன். அவருக்குக் கண்ணில் புரை, படிக்க முடியாது. அந்தப் பழைய நாவலை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சொத்துத் தகராறு வந்தால், "தள்ளு" என்பார். கம்பவுண்டர் வந்தால் திரும்பப் படிக்கச் சொல்வார்.

"இவன் உன்னை மாதிரிடா" என்றார் ஒரு நாள். "ஆனா இவன் ஒல்லி."

என் பக்தியைப் பற்றி யாரும் உயர்வாக நினைத்துவிடக் கூடாது. ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கினால் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன். தவக்காலத்தில் கறியை விட்டுவிட்டு மீனில் வட்டியோடு வசூலித்துக்கொள்வேன். ஆனாலும் அரைத்தூக்கத்தில் ஒரு விஷயம் காதில் விழுந்து உள்ளே தங்கிவிட்டது. கடைசித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் எங்களைக் கேட்கப்போகும் கேள்விகளில் ஒன்று, நோயில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பது. எத்தனை பேரை உன்னோடு இழுத்துக்கொண்டு வந்தாய் என்று கேட்கப்போவதாக நான் விழித்திருந்த எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை. அதற்காகத்தான் போனேன் என்றும் சொல்ல முடியாது. அவர் என் நண்பனின் அப்பா. பள்ளிக்கூட நாட்களில் என் கணக்குப் பேப்பரைப் பார்த்து அவர் அடித்த ஜோக்குகளைத்தான் நான் இன்றுவரை மேடையில் என்னுடையவை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பாக்கெட்டுல என்னடா சதா உருட்டிண்டே இருக்கே?" என்று கேட்டார்.

"செபமாலை மாமா."

"எனக்காகவா?"

"உங்களுக்கும்தான். திரும்பிப் போறப்ப பஸ்ல சீட்டு கெடைக்கணும்னும்."

"சத்தமாவே சொல்லேன். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்றதோன்னோ, கேட்டா தூக்கம் வரும்."

சொன்னேன். மாலையில் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவருக்கு அது தூக்க மாத்திரை, எனக்கு ஜெபம். இரண்டு பேருக்கும் பலன் இருந்தது, யாருக்கும் யாரும் கணக்குச் சொல்லவில்லை. அவர் காலமானபோது நண்பன் வந்து சேர்ந்திருந்தான். நான் அவர்கள் வீட்டு வாசலோடு நின்று, வருகிறவர்களுக்குச் செருப்பு விடுகிற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது நண்பன், "அப்பாவுக்குப் பிடிச்ச நாவல்டா, நாடகமா போடலாம். நீதான் கம்பவுண்டர்" என்றபோது எனக்கு என்னவோ செய்தது. முதல்முறையாகச் சிரிக்க வைக்க வேண்டாத ஒரு வேஷம். கம்பவுண்டர் ஒல்லி என்பதால் சாயங்கால பஜ்ஜியை நிறுத்தினேன். கால்மாட்டில் உட்காருவது எப்படி என்று வீட்டில் கட்டிலில் பழகிப் பார்த்தேன். மனைவி காலை இழுத்துக்கொண்டு, "நீ அங்க ஒக்காந்தா எனக்குச் சிரிப்புதான் வருது. ஜனங்களுக்கும் வரும்" என்றாள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

முதல் சறுக்கல் சாமான்களில் வந்தது. டியூஷன் அம்மாள்தான் மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பு. எங்கிருந்தோ ஒரு மரச் சிலுவை கொண்டு வந்தார். சப்பரத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போகிற அளவு.

"அண்ணா, இதைக் கழுத்துல போட்டுக்கங்க."

"இத போட்டா கழுத்து நிமிராதும்மா. வக்கீல் பொழச்சிக்குவாரு, நான் அங்கியே பூடுவேன்."

"பைபிளும் கையில இருக்கணும்னு டைரக்டர் சார் சொன்னாரு."

"ஒரு கைல பைபிள், ஒரு கைல மருந்து பாட்டில். அப்புறம் பேஷண்ட எந்தக் கையால தூக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். இது சரி, சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். ஆனால் நண்பன் சிரித்துக்கொண்டே, "அவர் தலைல கைய வெச்சு அழுத்திண்டு, கண்ண மூடிண்டு, ஒடம்பெல்லாம் நடுங்கறாப்ல ஜெபம் பண்ணேன்" என்றான். டி.வி.யில் எங்கோ பார்த்திருக்கிறான். அது எங்கள் கோயிலில் யாரும் செய்வதில்லை, அந்தக் காலத்துக் கத்தோலிக்கக் கம்பவுண்டர் நிச்சயம் செய்திருக்க மாட்டார் என்று சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதானடா" என்றான். அவர்கள் வீட்டில் ஐயங்காரையும் ஐயரையும் யாராவது ஒன்றுதானே என்று சொல்லிப் பார்க்கட்டும். ஒரு மாதத்துக்குச் சாப்பாடு இறங்காது.

இதையும் விழுங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் நோய்ப்படுக்கைக் காட்சியின் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. புதிதாக எழுதியிருந்தான். கம்பவுண்டர் வக்கீலின் முகத்தருகே குனிந்து, "இப்பவாவது என் ஆண்டவர்கிட்ட வந்துடுங்க. வந்தா பொழச்சிடுவீங்க" என்கிறார். வக்கீல் முழங்கையை ஊன்றி எழுந்து, "செத்தாலும் என் சாமி காலடியிலதான் சாவேன். எழுந்து வெளியே போ" என்கிறார். கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறார். விளக்கு அணைகிறது.

படித்தேன். ஒத்திகைக்குப் போகும் வழியெல்லாம் மறுபடி மறுபடி படித்தேன். வயிற்றில் பஜ்ஜி இல்லாததால் அங்கே நிறைய இடம் இருந்தது, அது முழுவதும் கோபம் ஏறி உட்கார்ந்தது. அந்த மனிதன் பாவம், நாவலில் அவனுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. ஒன்றும் கேட்காமல் வந்தான் என்பது. அதையும் பிடுங்கிவிட்டால் அவனிடம் மிச்சம் இருப்பது ஒரு மருந்து பாட்டிலும் என் தொப்பையும்தான்.

மாடியில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டுப் படுக்கை செய்திருந்தார்கள். வக்கீலாக நடிப்பவர் கே.கே. நகரில் இருந்து வருகிறவர், பாங்க் அதிகாரி, தலைமுடியைப் பற்றி அக்கறை உள்ளவர். காலராவில் கிடக்கும்போதும் முடி கலையக் கூடாது என்று கைகளைத் தலைக்குக் கீழே கொடுத்துப் படுத்திருந்தார்.

"ப்ரோ, அந்த 'வெளியே போ' இருக்கே, அந்த எடத்துல க்ளாப்ஸ் நிச்சயம்" என்றார் படுத்தபடியே.

நான் நண்பனிடம் போனேன். "இது நாவல்ல இல்லியே."

"நாவல்ல இல்ல. ஆனா நாடகத்துக்கு ஒரு மோதல் வேணுமேடா. அவன் வரான், உக்காந்துக்கறான், கஞ்சி குடுக்கறான், போறான். ஜனங்க கேப்பாளே, இவன் எதுக்கு வந்தான்னு."

"ஃப்ரெண்டு. வந்தான்."

"காலரா வீட்டுக்கு? ஒண்ணும் எதிர்பார்க்காம? சொந்தக்காராளே ஓடிப்போறா. ஒரு கிறிஸ்டியன் தெனமும் வந்து துணி தோச்சுப் போடறான்னா உள்ள ஏதாவது இருக்கும்னுதான் தோணும். யாருடா நம்புவா?"

இந்த வாதத்தில் நான் ஜெயிப்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அது என்னிடம் தயாராக இருந்தது. ஆனால் அதை எடுத்தால் அது ரசீது மாதிரி ஆகிவிடும். உன் அப்பாவுக்கு நான் இன்னின்ன செய்தேன், இதோ பார் என்று நீட்டுவதாகிவிடும். ஒன்றும் கேட்காமல் போனவன் என்று நிரூபிப்பதற்கு, இப்போது அதையே காட்டி ஒன்று கேட்க வேண்டும். கம்பவுண்டர் ஏன் நாவல் முழுக்க வாயே திறக்கவில்லை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. திறந்தால் போயிற்று.

அதனால் வேறு வழியில் கத்தினேன். "உள்ள இன்னாடா இருக்கும்? இன்னா இருக்கும்ன்ற? எவனாவது ஒருத்தன் ஒரு டம்ளர் கஞ்சி குடுத்தா அத எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணுமா? உனுக்கு இன்னாதான்டா வேணும், அவன் கஞ்சிய கீழ ஊத்திட்டு ஓடணுமா?"

குரல் வழக்கம்போல் கிழிந்தது. டியூஷன் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல் பெஞ்சு அதிரச் சிரித்தார். நண்பனின் கண்கள் விரிந்தன. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"மச்சி, அந்த 'எக்ஸ்ரே'வ மட்டும் எடுத்துட்டு மத்தத அப்படியே வெச்சுடு. 'உனுக்கு இன்னாதான்டா வேணும்'. வக்கீல் வெளில போன்னதும் நீ இத சொல்லிண்டே வெளில போ. பிரமாதமா இருக்கு."

எழுதினான். என் கோபத்தை என் கண் முன்னால், காகிதத்தின் ஓரத்தில், கம்பவுண்டரின் வசனமாக எழுதினான். மதம் மாற்ற வந்து மாட்டிக்கொண்ட ஒருவன் போகிறபோது கீச்சுக்குரலில் கத்திவிட்டுப் போகிறான். ஜனங்கள் சிரிப்பார்கள். சந்தேகமே இல்லை.

அப்போதுதான் அந்த வாக்கியம் தானாக வெளியே வந்தது.

"உங்க அப்பா அடையாறுல படுத்துகினு இருந்தப்ப நான் தெனம் வந்தேனே. அவருக்கு ஞானஸ்நானம் குடுக்கறதுக்காடா வந்தேன்? பக்கெட்ல தண்ணி எடுத்துகினாடா வந்தேன்?"

பக்கெட் என்ற வார்த்தைதான் கெடுத்தது என்று நினைக்கிறேன். அறையே சிரித்தது. டியூஷன் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார், முடி கலைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "இத வைங்க சார், இத வைங்க" என்றார்.

நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடினான். "டீ பிரேக்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். நானும் பின்னால் இறங்கினேன்.

டீக்கடைக்கு எதிரே மெட்ரோக்காரர்களின் நீலத் தகடுகள். அதற்குப் பின்னால் ஏதோ இயந்திரம் பூமியைக் குடைந்துகொண்டிருந்தது. இரண்டு டீ வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தான்.

"அப்பாவ இழுத்திருக்க வேண்டாம்" என்றான்.

"வேண்டாம்தான். நீ எழுதியிருக்கவும் வேண்டாம்."

"வசனத்த எடுத்துடறேன், விடு."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கம்பவுண்டர் தப்பித்துவிட்டார். நியாயமாக நான் அந்த இடத்தில் டீயைக் குடித்துவிட்டு மேலே போயிருக்க வேண்டும். ஆனால் அவன் எடுத்துவிடுகிறேன் என்று சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது மாதிரி சொன்னான்.

"வசனம் கெடக்கட்டும். யாரு நம்புவான்னு கேட்டியே. நீ நம்புறியா?"

"என்னடா கேள்வி இது."

"பதில் சொல்லு."

அவன் டீயைப் பார்த்தான். டீயில் என்ன இருக்கிறது பார்க்க. "நான் நம்பறேன்டா. சித்தப்பாதான் அப்போ..." என்று நிறுத்தினான்.

"சித்தப்பா இன்னா?"

"அப்போ எனக்கு ஃபோன் பண்ணார். 'உன் ஃப்ரெண்டு தெனமும் வந்துண்டிருக்கான், பக்கத்துல உக்காந்துண்டு ஜபமாலைய உருட்டிண்டு என்னமோ சத்தமா சொல்றான், எதுக்கு வரான்னு தெரியல, பாத்துக்கோ'ன்னார்."

"நீ இன்னா சொன்ன?"

இயந்திரம் குடைந்தது.

"இன்னாடா சொன்ன?"

"'பாத்துக்கறேன்'னேன்."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சித்தப்பா கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. அண்ணன் படுத்திருக்கிறார், பக்கத்தில் ஒரு குண்டு ஆசாமி என்னவோ முணுமுணுக்கிறான், கேட்கத்தான் செய்வார். ஆனால் இவனுக்கு என்னைத் தெரியும். பள்ளிக்கூட டிபன் பாக்ஸிலிருந்து தெரியும். 'அவன் என் ஃப்ரெண்டு, சும்மாதான் வரான்' என்று சொல்ல அவனுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அமெரிக்காவிலிருந்து பேசினாலும் அந்த ஐந்து வார்த்தைக்கு மேல் செலவில்லை. அதைச் சொல்லாமல், பாத்துக்கறேன் என்றிருக்கிறான். என்னை வேவு பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. பிறகு இத்தனை வருஷம் என் வீட்டுக்கு வந்து, கிறிஸ்துமஸுக்குக் கல்கல் தின்று, என் மனைவியிடம் இன்னும் கொஞ்சம் பார்சல் கட்டச் சொல்லி வாங்கிப்போய், கடைசியில் அந்தச் சந்தேகத்தை எடுத்துக் கம்பவுண்டர் வாயில் திணித்து, அதை என்னையே நடிக்கச் சொன்னான்.

நான் கத்தவில்லை. ஆச்சரியமாக இருந்தது, குரல் கீழே போய்விட்டது. டீ மாஸ்டர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "இன்னா சார், எதுனா பிரச்சனையா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஃபோன் போடு" என்றேன்.

"யாருக்கு?"

"சித்தப்பாவுக்கு. அன்னிக்கு சொல்லாதத இன்னிக்கு சொல்லு."

"டேய், அவருக்கு எண்பது வயசுடா. அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"உனுக்கு ஞாபகம் கீதுல்ல? போடு."

கம்பவுண்டராக இருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டார். கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்திருப்பார். நான் கம்பவுண்டர் இல்லை. மயிலாப்பூரில் இப்போது கிணறும் இல்லை.

அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். விளையாடவில்லை என்று தெரிந்துகொண்டு போனை எடுத்தான். மேற்கு மாம்பலத்தில் சித்தப்பா வீட்டில் மணி அடித்தது. இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் டி.வி. சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"சொல்லுடா" என்றது சித்தப்பாவின் குரல். "ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் சித்தப்பா. அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ என் ஃப்ரெண்டு ஒருத்தன் சாயங்காலத்துல வந்துண்டிருந்தானே, சாந்தோம் பையன்."

"ஆமா. குண்டா இருப்பான். நர்ஸையெல்லாம் சிரிக்க வெச்சிண்டிருப்பான்."

"அவன் எதுக்கு வரான்னு என்கிட்ட கேட்டேளே."

"நானா? எப்போ?"

"அப்போ. ஃபோன்ல."

"கேட்டிருப்பேன். என்ன இப்போ?"

நண்பன் டீ கிளாஸைக் கடையின் பலகையில் வைத்தான். "அவன் சும்மாதான் வந்தான் சித்தப்பா. அப்பாவப் பாத்துக்கறதுக்கு. வேற எதுக்கும் இல்ல. அப்பவே நான் சொல்லியிருக்கணும்."

சீரியலில் அழுகை நின்று விளம்பரம் வந்தது.

"சரிடா" என்றார் சித்தப்பா. "இதைச் சொல்லவா ஃபோன் பண்ணினே?"

"ஆமா."

"பிரஷர் மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்கறியோன்னோ?"

வைத்துவிட்டார். கேட்டவருக்குக் கேட்டதே ஞாபகமில்லை. பதில் சொல்லாதவன் அதைப் பத்திரமாக வைத்திருந்து நாடகமாக எழுதியிருக்கிறான். இதில் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே மெட்ரோக்காரர்களைக் கொஞ்சம் திட்டினேன்.

மேலே ஜன்னலிலிருந்து வக்கீல் எட்டிப் பார்த்தார். "சார், பெஞ்சுல படுத்து முதுகு போச்சு. வர்றீங்களா, இல்ல நான் பொழச்சிக்கட்டுமா?"

"இருங்க" என்று நண்பன் கையைக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "போதுமா?" என்றான்.

"வேற யாரு கேட்டாங்க?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அத்திம்பேர் ஒரு தடவை. நான் ஊர்லேந்து வந்து எறங்கினப்போ, நேர்லயே."

"அவருக்கும் 'பாத்துக்கறேன்'தானா?"

"ம்."

"போடு."

"இப்போ அவர் கோவில்ல இருப்பார்டா."

"இருக்கட்டும். நான் எங்கியும் போகல."

டீ மாஸ்டரிடம் இன்னும் இரண்டு சொன்னேன். நண்பன் எண்ணைத் தேடிப் போட்டான். முழு மணியும் அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை. நான் என் டீயை எடுத்துக்கொண்டேன். அவனே மறுபடியும் போட்டான்.